மோசெல் கரையில் பெண் கேட்கப் போனது

அண்ணை முதலில் காரை வாங்கிவிட்டார். ஓட்டப் பழகியது அதற்குப் பிறகுதான். ஹம்பேர்க்கில் அவர் பரீட்சைக்குப் போகும் ஒவ்வொரு முறையும், பக்கத்தில் இருக்கும் பரிசோதகர் ஏதாவது ஒரு சந்தியில் வைத்து “போதும், இறங்குங்கள்” என்று சொல்லிவிடுவார். அதனால் அந்தச் சாம்பல் நிற வொல்க்ஸ்வாகன் அவருடைய வீட்டு வாசலில் மழையில் நனைந்தபடியே நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கழுவுவார். உள்ளே ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் றோட்டைப் பார்த்தபடி இருப்பார். பிறகு இறங்கிக் கதவைப் பூட்டுவார்.

நான் ஹம்பேர்க்குக்கு வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வெங்காயமும் புகையிலையும் ஏற்றுகிற லொறியில் முதலில் கிளீனராகவும் பிறகு சாரதியாகவும் கொழும்பு றோட்டில் ஓடினேன். ஓர் இடத்தில் இருக்கப் பிடிக்காது. ஊரை விட்டுக் கிளம்பியதற்கு அதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை. கப்பலில் இந்தியாவுக்குப் போய், அங்கிருந்து தரைவழியாக, ஏறு என்று சொன்ன வண்டியில் எல்லாம் ஏறி வந்தேன். ஈரானில் மஞ்சள் காமாலை வந்து ஒரு பள்ளிவாசல் விறாந்தையில் கிடந்தேன். துருக்கியில் தர்ப்பூசணி இறக்கினேன். யூகோஸ்லாவியாவில் பனியில் நடந்ததில் இரண்டு கால்விரல் நகங்கள் போயின. பிறகு முளைத்தன, கொஞ்சம் கோணலாக.

ஹம்பேர்க் துறைமுகத்தில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவ நின்றேன். அங்கே சமையற்காரராக இருந்தவர்தான் அண்ணை. கப்பலில் சமைத்துக்கொண்டு வந்து, அந்தத் துறைமுகத்தில் இறங்கி, திரும்ப ஏறாமல் விட்டவர். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். அன்றைக்கே அவருடைய அறையில் நிலத்தில் எனக்கு ஒரு பாய்க்கு இடம் கிடைத்தது.

அவர் விரும்பிய ஜேர்மன் பெண் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்தார். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். அதை ஏதோ பதவி என்று நினைத்து, தொலைபேசியில் எனக்குத் தன்னை “அக்கா பேசுகிறேன்” என்றே சொல்லுவார். அவருடைய ஊர் தெற்கே மோசெல் நதிக்கரையில் ஒரு கிராமம். தகப்பனார் திராட்சைத் தோட்டம் வைத்து வைன் செய்கிறவர். ஒரே பிள்ளை. கலியாணம் கட்டச் சம்மதம், ஆனால் தகப்பனார் ஓம் என்று சொல்லாமல் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று அக்கா தெளிவாகச் சொல்லியிருந்தார். அறுவடைக்கு லீவில் ஊருக்குப் போகிறேன், நீயும் வேலைக்குக் கைகொடுக்க வா, வந்து அவரிடம் நீயே பேசு என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

“அவர் ஓம் எண்டால் தைமாதம் கலியாணம். இல்லையெண்டால் இல்லைதான்” என்று அண்ணை என்னிடம் சொன்னபோது வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். அதனால் அவருடைய கண்ணைப் பார்த்து ஒன்றும் அறிய முடியவில்லை.

“தம்பி, உன்னட்டை லைசென்ஸ் இருக்குத்தானே?”

“இருக்கு அண்ணை. லொறிக்கு.”

“லொறி ஓடினவனுக்குக் கார் ஒரு விளையாட்டுச் சாமான். வியாழக்கிழமை வெளிக்கிடுறம்.”

அப்படித்தான் நான் அந்த நாட்டை ஒரு சாரதியின் இருக்கையிலிருந்து பார்த்தேன். ஒரு நாட்டைப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

கொழும்பு றோட்டில் மாடு, சைக்கிள், றோட்டில் காயப்போட்ட நெல், நித்திரை கொள்ளும் நாய் எல்லாவற்றுக்கும் ஒரு கண் வேண்டும். ஜேர்மன் நெடுஞ்சாலையில் ஒன்றும் குறுக்கே வராது. முதல் ஒரு மணித்தியாலம் அதுவே எனக்குப் பயமாக இருந்தது. தார் ஒரு பள்ளம் இல்லாமல் கிடந்தது. இரண்டு பக்கமும் காடு, பிறகு வயல், பிறகு செங்கல் வீடுகள், திரும்பவும் காடு. ஒவ்வொரு ஊரும் வருவதற்கு முன்பே பலகையில் தன் பெயரைச் சொல்லிவிட்டு வந்தது. பாதையை யாரோ எங்களுக்காக முதல்நாள் கூட்டிவைத்ததுபோல இருந்தது. நான் இடப்பக்கம் ஓடிப் பழகியவன் என்பதால் அண்ணை சந்திக்குச் சந்தி “வலப்பக்கம், வலப்பக்கம்” என்று செபம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு வந்தார்.

“என்னடாப்பா, ஒருக்காவும் ஹோர்ன் அடிக்கேல்லை. வேலை செய்யுதோ எண்டாவது பாப்பம்” என்றார் ஓர் இடத்தில்.

அடித்தேன். முன்னால் போன லொறியை முந்தும்போது அந்தச் சாரதி என்னைத் திரும்பிப் பார்த்து, ஒரு விரலால் தன் நெற்றியைத் தட்டிக் காட்டினார். இந்த நாட்டில் சாரதிகள் இப்படித்தான் வணக்கம் சொல்வார்களாக்கும் என்று நினைத்து, நானும் மரியாதையாக என் நெற்றியைத் தட்டிக் காட்டினேன். அவருடைய முகம் சிவந்தது. உனக்கு மூளை பிசகோ என்றுதான் அதற்கு அர்த்தம் என்று பிறகு அக்கா சொல்லித் தெரிந்தது.

கொலோன் தாண்டி ரைன் நதியோரம் ஒரு மரத்தடியில் காரை நிறுத்தி நித்திரை கொண்டோம். அண்ணை பின் இருக்கையில் மடங்கிக் கிடந்தார். நான் முன்னால் இருந்தபடியே. லொறிக்காரனுக்கு அது பழகிய கட்டில். காலையில் கண்ணாடியைத் துடைத்தபோது, ஆற்றில் ஒரு நீளமான சரக்குப் படகு போய்க்கொண்டிருந்தது. அதன் பின்தளத்தில் ஒரு கார் நின்றது. கொடியில் உடுப்புகள் காய்ந்தன. ஒரு பெண்பிள்ளை கோப்பியோடு கதவடியில் நின்று எங்களைப் பார்த்தாள். வீடு, வாகனம், உடுப்பு எல்லாவற்றோடும் நகர்ந்துகொண்டே வாழலாம் என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. கண்ணுக்கு மறையும்வரை பார்த்தேன்.

“வாயைப் பிளந்தது காணும், முகத்தைக் கழுவு” என்றார் அண்ணை.

கொப்லென்ஸ் நகரத்தில் மோசெல் வந்து ரைனோடு சேருகிறது. சேர்ந்த பிறகும் கொஞ்சத் தூரம் இரண்டு தண்ணீரும் இரண்டு நிறமாக, ஒன்றையொன்று தொடாததுபோல ஓடுகின்றன. அங்கே பாலத்தடிப் பேக்கரியில் பாண் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மோசெலின் கரையைப் பிடித்து மேலே ஏறத் தொடங்கினோம்.

ரைன் கரையில் ரயில், தொழிற்சாலை, படகு எல்லாம் எங்கோ அவசரமாகப் போய்க்கொண்டிருந்தன. மோசெலில் அவசரம் என்பதே இல்லை. நேரே போனால் ஒரு நாழிகையில் போகக்கூடிய இடத்துக்கு அந்த ஆறு அரைநாள் வளைந்து வளைந்து போகிறது. றோட்டும் அதன் கையைப் பிடித்துக்கொண்டு போகிறது. வெயில் முதலில் என் வலது கன்னத்தில் விழுந்தது. ஒரு வளைவில் பிடரிக்குப் போனது. அடுத்த வளைவில் கண்ணுக்கு நேரே வந்தது. ஒரு மாதா கோயில் கோபுரத்தைத் தாண்டிப் போய் அரைமணித்தியாலத்தின் பின் திரும்பிப் பார்த்தால், அதே கோபுரம் ஒரு மலைக்கு அப்பால் எட்டிப் பார்த்தது. காலை மூடுபனி ஆற்றின்மேல் மட்டும் பஞ்சு விரித்ததுபோலக் கிடக்க, அதற்கு மேலே கறுத்தக் கல் ஓடு போட்ட வீடுகள், அதற்கும் மேலே உடைந்த கோட்டை ஒன்று. நான் காரை மெதுவாக்கிக்கொண்டே வந்தேன்.

மலைச்சரிவை முதலில் நான் சுவர் என்றே நினைத்தேன். அவ்வளவு செங்குத்து. அந்தச் சுவரில் அடியிலிருந்து நுனிவரை திராட்சைக்கொடிகள். ஒவ்வொரு கொடிக்கும் தனித்தனித் தடி. இலைகள் எல்லாம் மஞ்சளாகி, வெயில் பட்டவுடன் மலை முழுவதும் விளக்குப் போட்டதுபோல ஆகிவிட்டது. உச்சிக்குக் கிட்ட ஒரு சிவப்புத் தலைத்துண்டு அசைந்தபோதுதான் அங்கே ஆட்கள் நிற்கிறார்கள் என்று தெரிந்தது. எங்கள் ஊரில் திராட்சையை முந்திரிகை என்போம். பந்தல் போட்டு, நிழலில் நின்று பழம் பிடுங்குவோம்.

“இதிலை என்னெண்டு நிண்டு முந்திரிகை ஆயினம்?” என்று கேட்டேன்.

“கயிறு கட்டியிருப்பினம்.”

“கயிறு ஒண்டையும் காணேல்லை.”

“எனக்கு ஏன் இதைக் காட்டுறாய்? நாளைக்கு அதிலை ஏற வேண்டியது நான்” என்றார் அண்ணை.

கிட்டப் போகப்போக அவருக்குப் பதற்றம் கூடியது. அதனால் நான் தகப்பனாராக நடித்தேன். பெண் கேட்கப் போகிற வீட்டில் என்ன கேட்பார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும். யாழ்ப்பாணத்தில் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறோம்.

“தம்பி, சகோதரங்கள் எத்தனை?”

“ரெண்டு தங்கச்சியார், ஐயா. ரெண்டுபேரையும் கட்டிக் குடுத்தாச்சு.”

“சீதனம் என்ன எதிர்பார்க்கிறீர்?”

“ஐயோ, ஒண்டும் வேண்டாம் ஐயா.”

“அந்த மலையைத் தாறன், வேண்டாமோ?”

“விசர்க்கதை கதையாதை. ஒழுங்காக் கேள்.”

“சரி. குடிவெறி ஏதும் உண்டோ?”

“சீச்சீ. சின்னவயதிலை இருந்தே தொட்டதில்லை ஐயா.”

இதை அவர் எவ்வளவு இயல்பாகச் சொன்னார் என்றால், பத்து வருடம் கப்பலில் இருந்து உலகத்துத் துறைமுகங்களில் எல்லாம் குடித்தவர் என்பது எனக்கே ஒரு கணம் மறந்துபோனது. நல்லா இருக்கு அண்ணை, அப்படியே சொல்லுங்கோ என்றேன். வைன் செய்கிறவர் வீட்டுக்குப் போகிறோம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் பெண்ணின் தகப்பன் முன்னால் வேறு என்ன சொல்லலாம் என்று எங்களுக்குத் தோன்றவேயில்லை.

ஓர் இடத்தில் பாலம் இல்லை. காரை ஒரு தட்டையான படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோனார்கள். நடு ஆற்றில் இயந்திரத்தின் சத்தம் தாழ்ந்தபோது, மலையிலிருந்து ஆட்கள் சிரிக்கும் சத்தம் தண்ணீர்மேல் தெளிவாக வந்தது. இந்த இடத்தில் ஒரு மாதம் நிற்கச் சொன்னாலும் நிற்பேன் என்று நினைத்தேன். என்னைப் போன்றவன் அப்படி நினைப்பது குறைவு. அக்கரையில் ஒரு மரத்துக்குப் பின்னால் அண்ணை கறுப்புக் கோட்டும் டையும் மாற்றினார். திருநீறு பூசினார், கார்க் கண்ணாடியில் பார்த்தார், அழித்தார், பிறகு மெல்லியதாகத் திரும்பப் பூசினார்.

வீடு கிராமத்தின் கடைசியில் இருந்தது. முற்றத்தில் தகப்பனார் றப்பர் சப்பாத்தோடு தொட்டி கழுவிக்கொண்டு நின்றார். பெரிய உடம்பு, வெயிலில் வெந்த கழுத்து. பழச்சாறு ஒட்டிக் கறுத்துப்போன கைகளைத் தராமல் முழங்கையை நீட்டினார். முழங்கையைப் பிடித்துக் குலுக்கினோம். அக்காவும் தாயாரும் இன்னும் மலையில். ஜேர்மன்காரர் பேசியதை நான் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது சமையலறை ஜேர்மன், அவர் பேசியது ஊர் ஜேர்மன். நடுவில் எனக்கு அது இப்படித்தான் கேட்டது.

அண்ணையின் கோட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “வழியிலை ஆரும் செத்துப்போச்சினமோ?” என்று கேட்டார்.

“இல்லை” என்றார் அண்ணை.

“நல்லது. உள்ளை வாங்கோ.”

குசினி மேசையில் இருத்தினார். நிலவறைக்குப் போய் ஒட்டுத்தாள் இல்லாத ஒரு போத்தலோடு வந்தார். கேட்காமலே மூன்று கிளாஸ்களில் ஊற்றினார். “இது அந்தா தெரியுது, அந்த மேட்டிலை இருந்து” என்று யன்னலால் மலையைக் காட்டினார். எங்கள் வீட்டில் வருகிறவருக்கு முதலில் செம்பில் தண்ணீர் கொடுப்பதுபோல, அவருக்கு அது. எனக்கு இப்போது விளங்குகிறது.

அண்ணை தன் கிளாஸின் வாயை உள்ளங்கையால் மூடினார்.

“மன்னிக்க வேணும். நான் குடிக்கிறதில்லை. சின்னவயதிலை இருந்தே தொட்டதில்லை.”

“வயித்திலை ஏதும் வருத்தமோ?”

“இல்லை. பழக்கமில்லை.”

தகப்பனார் போத்தலைக் கீழே வைத்தார். நிரப்பிய கிளாஸை மெதுவாகத் தன் பக்கம் இழுத்தார். எழும்பிப் போய், சின்னப்பிள்ளைகளுக்குக் கொடுக்கிற கைபிடிக் கோப்பை ஒன்றில் திராட்சைச் சாறு கொண்டுவந்து அண்ணைக்கு முன்னால் வைத்தார். கோப்பையில் ஒரு தாரா வாத்தின் படம் இருந்தது.

நான் குடித்தேன். பெண் கேட்க வந்தது நானில்லையே. குளிர்ந்த, கூரான, பச்சை ஆப்பிள் கடித்தது போன்ற ஒரு சுவை. இறங்கிய பிறகு வாயில் தேன் வாசனை தங்கியது. நான் அதுவரை குடித்தது கள்ளும் சாராயமும், வழியெல்லாம் கிடைத்ததும். ஒரு மலையைக் குடிக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. அண்ணை தாராக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொழுதுபட அக்காவும் தாயாரும் வந்தார்கள். உருளைக்கிழங்கு சூப் மேசைக்கு வந்தது. அக்கா அண்ணையின் கோப்பையைப் பார்த்தார்.

“அப்பா, ஏன் இவருக்கு மட்டும் தாராக் கோப்பை?”

“இவர் குடிக்கிறதில்லையாம்.”

“ஆர், இவரோ?” அக்கா சிரித்தார். “என்ரை பிறந்தநாளுக்கு நீங்கள் அனுப்பின ரெண்டு போத்தலிலை ஒண்டரை இவர்தான் முடிச்சவர்.”

எங்கள் ஊர்ப் பெண்ணாக இருந்தால் மேசைக்குக் கீழே அவருடைய காலை மிதித்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பாள். அக்காவுக்கு அது தெரியாது. உண்மையைச் சொல்ல ஒரு இடம் பொருள் பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

தகப்பனார் கரண்டியை வைத்தார். “என்ரை வைனையோ?”

அண்ணை தலையைக் குனிந்தார்.

“குடிக்காதவனை எனக்கு விளங்கும். குடிக்கிறவனையும் விளங்கும். என்ரை மேசையிலை இருந்து, என்ரை முகத்தைப் பாத்து, தேவையில்லாமல் ஒரு பொய் சொல்லுறவனை எனக்கு விளங்கேல்லை.” சத்தம் போடவில்லை. சூப்பைத் திரும்பக் கிண்டினார். “நாளைக்கு ஆக்கள் காணாது. வேலைக்கு வாறனெண்டு சொன்னீங்கள், செய்யுங்கோ. பின்னேரம் ரெண்டுபேரும் வெளிக்கிடலாம்.”

சாப்பிட்டு முடிய முற்றத்தில் அக்கா அண்ணையிடம் கேட்டது எனக்கும் கேட்டது.

“ஏன் அப்படிச் சொன்னீர்?”

“உம்முடைய அப்பாவுக்கு மரியாதை குடுத்தனான்.”

“பொய்யிலை என்ன மரியாதை?”

அண்ணை டையின் முடிச்சை இழுத்துத் தளர்த்தினார்.

“எனக்கே விளங்காததை அவருக்கு நான் எப்படி விளங்கப்படுத்துறது?” என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்விட்டார். நாங்கள் பரணில் வைக்கோல் மெத்தையில் படுத்தோம்.

விடிய மலைக்கு ஏறினோம். அண்ணைக்குத் தாயார் ஒரு பழைய காற்சட்டை கொடுத்திருந்தார். தகப்பனாருடையது. இடுப்பில் கயிறு கட்டியும் சரிந்துகொண்டே இருந்தது. கயிறு அதற்கு மட்டும்தான். சரிவில் கயிறே இல்லை. எல்லோரும் ஒரு காலை மடக்கி, மற்றக் காலைக் கீழே ஊன்றி, ஆடுகள்போல நின்றார்கள். மண் என்று சொல்ல ஒன்றுமில்லை, எல்லாம் கறுத்தத் தட்டைக் கல் துண்டுகள். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் நான் எழுதாமல் உடைத்த சிலேட்டுதான், அதேதான். அந்தச் சிலேட்டுப் பகலில் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு, இரவில் கொடிக்கு மெல்ல மெல்லக் கொடுக்குமாம். என் கையில் வீணாய்ப் போன சாமானில் இந்த மனிதர்கள் தேன் எடுக்கிறார்கள் என்று நினைத்தேன்.

பெண்கள் குலைகளைக் கத்தரித்துச் சின்ன வாளிகளில் போடுவார்கள். அதை முதுகில் பெரிய கூடை கட்டியவர்கள் வாங்கிக்கொண்டு கீழே இறங்க வேண்டும். அண்ணைக்குக் கூடை கொடுத்தார்கள். நிரம்பினால் ஒரு ஆளின் பாரம். கால் வழுகினால் நேரே ஆறு. அவர் ஒரு தரம் விழுந்தார். கூடையைச் சரியவிடாமல் முழங்காலில் விழுந்தார். எழும்பி இறங்கினார். மத்தியானத்தில் எல்லோரும் சிலேட்டில் இருந்து பாணும் இறைச்சியும் சாப்பிட்டார்கள். போத்தல் ஒன்று கைமாறி வந்தது. அண்ணையிடம் வந்தபோது பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்துவிட்டார். தகப்பனார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிராக்டர் ஓட்டுகிற பக்கத்து வீட்டுக்காரருக்கு அன்று இடுப்புப் பிடித்துவிட்டது. நான் லொறி ஓடினவன் என்று அக்கா சொல்லியிருக்க வேண்டும். பின்னேரம் தகப்பனார் என்னைக் கூப்பிட்டார். பழத் தொட்டிகள் ஏற்றிய இழுவைப்பெட்டியோடு டிராக்டரைக் கீழே கொண்டுபோக வேண்டும்; ஒரு பக்கம் கல்மதில், மறுபக்கம் பள்ளம், நடுவில் ஒரு வண்டி அகலத்துக்கு மட்டும் பாதை. நான் சிறு கியரில் போட்டு, பிரேக்கைத் தொடாமல், இயந்திரத்தின் பிடியிலேயே இறக்கினேன். மலைநாட்டில் மரக்கறி ஏற்றப் போனபோது பழகியது. தகப்பனார் மட்கார்டில் இருந்துகொண்டு என் கையையும் காலையும் பார்த்தார். இரண்டு வளைவு தாண்டியதும் பேசினார்.

“உங்கடை நாட்டிலை ஒருத்தரும் குடிக்கிறதில்லையோ?”

“எல்லாரும் குடிப்பினம்.”

“பேந்தேன் இவர் அப்பிடிச் சொன்னவர்?”

எனக்குச் சரியான சொற்கள் இல்லை. இருந்த சொற்களை வைத்துச் சொன்னேன். “எங்கடை ஊரிலை பொம்பிளை கேக்கப் போற இடத்திலை, தகப்பனுக்கு முன்னாலை குடிக்கிறவனுக்கு மாட்டையும் நம்பிக் குடுக்கமாட்டினம்.”

அவர் யோசித்தார். “அப்ப எங்கை குடிப்பான்?”

“வீட்டுக்குப் பின்னாலை.”

“தகப்பனுக்குத் தெரியாதோ?”

“நல்லாத் தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டோ?”

“ஓம். ஆனால் காணக்கூடாது. கண்டால் இவன் மரியாதை தெரியாதவன்.”

“தகப்பன் குடிக்கமாட்டானோ?”

“குடிப்பார். வேறை வீட்டுக்குப் பின்னாலை.”

அவருடைய மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. “எத்தினை வீடு, எத்தினை பின்பக்கம்” என்று முணுமுணுத்தார். கீழே ஆற்றில் வெயில் சாய்ந்து, தண்ணீர் செம்புத் தகடாகக் கிடந்தது. அதைப் பார்க்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. கண்ணைப் பாதையிலேயே வைத்திருந்தேன். நான் சொன்னது நல்லதுக்கோ கெட்டதுக்கோ என்று தெரியவில்லை.

கடைசித் தொட்டியும் முற்றத்தோரம் சாறு பிழியும் ஆலைக்குள் போனது. மற்ற ஆட்கள் கைகழுவிக்கொண்டு வீடுகளுக்குப் போனார்கள். அண்ணை பரணில் ஏறி எங்கள் பையை எடுத்துக்கொண்டு வந்தார். கறுப்புக் கோட்டை மடித்துக் கையில் வைத்திருந்தார். முழங்காலில் காற்சட்டை கிழிந்து இரத்தம் காய்ந்திருந்தது. “இதைத் தோய்ச்சு அனுப்பிறன் எண்டு தாயிட்டைச் சொல்லு” என்றார் என்னிடம். நான் காரை முற்றத்து வாசலில் வெளியே பார்க்கத் திருப்பி நிறுத்தினேன். அக்கா கிணற்றுப் பம்படியில் நின்றார், கிட்ட வரவில்லை.

அப்போது தகப்பனார் நிலவறைப் படியால் ஏறி வந்தார். ஒரு கையில் தூசி படிந்த போத்தல். மறுகையில் இரண்டு கிளாஸ். அண்ணையைப் பார்த்து, “இரும்” என்று ஆலைச் சுவரோரம் இருந்த நீட்டு மர வாங்கைக் காட்டினார். அண்ணை இருந்தார். ஒரு கிளாஸை நிரப்பி அவருக்குப் பக்கத்தில் வைத்தார். போத்தலையும் வைத்தார். பிறகு ஒரு வெறுந்தொட்டியைக் கவிழ்த்து, அண்ணைக்கு முதுகைக் காட்டி, மலையைப் பார்த்தபடி அதன்மேல் இருந்தார். பெரிய முதுகு. ஒரு வீட்டுச் சுவரளவு.

“நான் ஒண்டையும் காணேல்லை” என்றார்.

அண்ணைக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். குடியுங்கோ அண்ணை என்று நான் தமிழில் மெதுவாகச் சொன்னேன். “உனக்கென்ன விசரோ?” என்றார். “பாருங்கோ, அவர் திரும்பித்தானே இருக்கிறார்” என்றேன். அண்ணை அந்த முதுகைப் பார்த்தார். பம்படியில் அக்கா அசையாமல் நின்றார். அண்ணை கிளாஸை எடுத்து, தானும் கொஞ்சம் மறுபக்கம் திரும்பி, ஒரு மிடறு குடித்தார்.

“எப்பிடி இருக்கு?” என்றது முதுகு.

நல்லது என்று சொல்லுவார் என்றுதான் நினைத்தேன். நானென்றால் சொல்லியிருப்பேன். அண்ணை இன்னொரு மிடறு எடுத்து, குழம்பில் உப்புப் பார்க்கிறவர்போல வாயில் வைத்திருந்து விழுங்கினார்.

“புளிக்குது” என்றார். “பழ ருசி காணாது. பின்னாலை ஒரு கல்லு வாசம் வருது, அது நல்லது. ஆனால் புளி கூட.”

நான் கார்ச் சாவியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்தேன்.

“இது பிழிஞ்ச வருசம் கோடை முழுக்க மழை” என்றார் தகப்பனார். “ஒருத்தரும் வாங்கேல்லை. இஞ்சை வந்து குடிக்கிறவங்கள் எல்லாரும் நல்லா இருக்கு எண்டுதான் சொல்லுறாங்கள்.”

திரும்பாமலே தன்னுடைய வெறுங்கிளாஸைத் தோளுக்கு மேலால் பின்பக்கம் நீட்டினார். அண்ணை எழும்பினார். வலது கையால் போத்தலைப் பிடித்து, இடது கையால் வலது முழங்கையைத் தொட்டபடி, பெரியவர்களுக்குக் கொடுப்பதுபோல அதில் ஊற்றினார். அக்கா கைகளை மார்பில் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். “இது என்ன புது விளையாட்டு?” என்று தகப்பனாரைக் கேட்டார். “உனக்கு விளங்காது. போய் இவரின்ரை முழங்காலுக்கு மருந்து எடுத்துக்கொண்டு வா, நீ தாதியெல்லோ” என்றார் அவர்.

பிறகு என்னைப் பார்த்தார். வாசலில் வெளியே பார்த்தபடி நின்ற காரைப் பார்த்தார்.

“அதைக் கொட்டிலுக்குள்ளை விடு. இரவைக்குப் பனி கொட்டும், விடியக் கண்ணாடி சுரண்ட வேண்டி வரும்.”

நான் போய் ஏறி, காரைப் பின்பக்கமாகக் கொட்டிலுக்குள் விட்டேன்.